கம்பெனி வீலா, வெளி வீலா?

பதிவு கொஞ்சம் நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் கடைசியில் உள்ள ஆறு குறிப்புகளை மட்டும் படித்தால் போதும். மற்றவர்கள் காபியோடு உட்காருங்கள்.

எங்கள் ஸ்விஃப்ட் காருக்குச் சக்கரம் மாற்ற வேண்டும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டேன். அன்று இரவுக்குள் பதினேழு பதில். "அலாய் போடுங்க மாமா, வண்டி லுக்கே மாறிடும்" என்று பாதிப் பேர். "வெளியில் எதையும் போடாதீங்க, கம்பெனி வீல்தான் வீல்" என்று மீதிப் பேர். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் நடத்தியவனுக்குக் காரணம் இல்லாத விடை எப்போதும் அரை மதிப்பெண்தான். அதனால் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாற்ற வேண்டிய காரணம். கொட்டிவாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு நடந்தே போய்விடலாம். காற்று வாங்க வருகிறவர்களுக்கு அது சொர்க்கம். இரும்புக்கு நரகம். ஜன்னல் கம்பி, கேட் கீல், ஏ.சி. வெளிப்பெட்டி எல்லாம் எங்கள் தெருவில் வேகமாகவே போய்விடும். காரின் ஸ்டீல் ரிம்மும் அப்படித்தான். வெளியே தெரியும் துரு பெரிய விஷயமில்லை. பிளாஸ்டிக் வீல் கேப் அதை மறைத்துவிடும். ஆனால் டியூப்லெஸ் டயரில் காற்றைப் பிடித்து நிறுத்துவது, டயரின் விளிம்பு ரிம்மில் போய் உட்காரும் அந்த ஓரம்தான். அங்கே துரு செதில் செதிலாக எழும்பினால் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பஞ்சர் கடையில் தண்ணீரில் முக்கிப் பார்த்தால் ஆணி எதுவும் இருக்காது. ஓரத்தில் மட்டும் சிறு குமிழி வரும். எங்கள் வண்டியில் இரண்டு சக்கரம் அந்த நிலைக்கு வந்துவிட்டன. தேய்த்து வண்ணம் பூசி ஒரு வருடம் ஓட்டினோம். திரும்பவும் கசிந்தது.

இதில் எங்களுக்கு ஒரு தனிக் கவலையும் உண்டு. உறவினர்களுக்குத் தெரியும், என் மனைவிக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. வாரம் இரண்டு நாள் அடையாறுக்கு பிசியோதெரபிக்குப் போகிறோம். திருவான்மியூர் தாண்டி எல்.பி. சாலை வழியாகப் போகும் சின்னத் தூரம்தான். ஆனால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் முன்சீட்டின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்வாள். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்தக் கை சொல்லிவிடும். எனவே "வண்டி லுக்" எனக்கு இரண்டாம் கேள்வி. அந்தக் கை எப்போது தளரும் என்பதுதான் முதல் கேள்வி.

புனேயில் இருக்கும் என் மகன் ஒரு யோசனை சொன்னான். "அப்பா, உங்க எழுபதாவது பிறந்தநாளுக்கு நான் வாங்கித் தர்றேன். 16 இஞ்ச் அலாய், புது டயரோட. நீங்க ஒண்ணும் பேசக்கூடாது." படமும் அனுப்பினான். கறுப்பும் வெள்ளியும் கலந்து, பத்து ஆரங்களோடு அழகாகத்தான் இருந்தது. பிள்ளை ஆசையாகத் தரும் பரிசை வேண்டாம் என்று சொல்வது, வீல் கணக்கைவிடக் கடினமான கணக்கு. அதனால் முடிவு எதுவானாலும் அதற்குச் சரியான காரணம் என் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

என் பழைய மாணவன் ஒருவன் டயர், வீல் கடை வைத்திருக்கிறான். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சு. இன்று நான்கு பேருக்கு வேலை கொடுக்கிறான். "சார், கடைக்கு வாங்க, எல்லாத்தையும் கழட்டிக் காட்டறேன்" என்றான். ஒரு மழை நாளில், கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். மூன்று வழிகளைத் தரையில் பரப்பி வைத்தான். ஒன்று, இப்போது இருப்பது போலவே 14 அங்குல கம்பெனி ஸ்டீல் ரிம். இரண்டு, இதே காரின் மேல் வகைக்குக் கம்பெனியே கொடுக்கும் 15 அங்குல அலாய். மூன்று, மகன் சொன்ன 16 அங்குல வெளி வீல்.

முதலில் அளவு. எங்கள் வண்டியின் டயர் 165/80 ஆர் 14. இதில் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. 165-இல் 80 சதவீதம் 132 மி.மீ. ரிம்மின் விட்டம் 14 அங்குலம், அதாவது 355.6 மி.மீ. மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவரைக் கூட்டினால் முழுச் சக்கரத்தின் விட்டம் 619.6 மி.மீ. மேல் வகைக்கு வரும் 185/65 ஆர் 15-க்கும் இதே கணக்கைப் போடுங்கள். 621.5 வரும். வித்தியாசம் இரண்டு மி.மீ.கூட இல்லை. கம்பெனிக்காரன் ரிம்மைப் பெரிதாக்கும்போது டயரை மெலிதாக்கி, மொத்த விட்டத்தை அப்படியே வைத்திருக்கிறான். ஏனென்றால் வேகமானி சக்கரம் சுற்றுவதை எண்ணித்தான் வேகம் காட்டுகிறது. 16 அங்குலத்துக்குச் சிலர் 205/55 டயர் போடுகிறார்கள். அதன் விட்டம் 631.9. இரண்டு சதவீதம் கூடுதல். மானி மற்றபடி சரியாக இருந்தாலும் 80 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 82-இல் போகும். வளைவில் திருப்பும்போது டயர் உள்ளே உரசவும் கூடும். 195/55 போட்டால் விட்டம் 620.9, சரியாக வந்துவிடும்.

ஆனால் விட்டம் சரியாக வந்தாலும் பக்கச்சுவர் குறைந்துவிடுகிறதே! 14-க்கு 132 மி.மீ., 15-க்கு 120, 16-க்கு 107. பள்ளத்தின் அடியை முதலில் வாங்கிக்கொள்வது அந்தக் காற்று மெத்தைதான். மெத்தையின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு, முதுகுவலிக்காரரை அதில் உட்கார வைக்க முடியுமா? நெடுஞ்சாலையில் வேகமாக வளைவு திரும்புகிறவருக்குக் குட்டையான பக்கச்சுவர் நல்லது. வண்டி சொன்னபடி கேட்கும். மழைக்காலத்துக் கொட்டிவாக்கம் குறுக்குத் தெருவில் தண்ணீருக்குள் பள்ளம் எங்கே என்று தெரியாமல் போகிறவருக்கு உயரமான பக்கச்சுவரே நல்லது.

அடுத்து எடை. அலாய் என்றால் லேசு என்று எல்லோரும் நம்புகிறோம். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, இரும்பின் அடர்த்தி 7.85 என்று நானே எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அலுமினியத்தை இரும்பு அளவுக்கு மெலிதாக வார்க்க முடியாது. வலுவுக்காகத் தடிமன் கூட்டுகிறார்கள். விட்டமும் கூடிவிடுகிறது. பக்கத்தில் பழைய பேப்பர் கடையிலிருந்து தொங்கு தராசு வாங்கி வந்து நிறுத்தோம். எங்கள் ஸ்டீல் ரிம் ஆறே முக்கால் கிலோ. அந்த 16 அங்குல அலாய் ஒன்பதரை. வித்தியாசம் இரண்டே முக்கால் கிலோ, நான்குக்கும் சேர்த்து 11 கிலோ. "சார், நான் இத்தனை வருஷமா லைட் வெயிட்டுன்னு சொல்லி வித்துக்கிட்டு இருக்கேன்" என்று அவன் தலையைச் சொறிந்தான்.

11 கிலோ என்ன பெரிதா என்று கேட்பீர்கள். பழைய பாடம் ஞாபகம் இருக்கிறதா? டிக்கியில் இருக்கும் பெட்டி முன்னே மட்டும்தான் போகிறது. அதன் இயக்க ஆற்றல் நிறை பெருக்கல் வேகத்தின் வர்க்கம், அதில் பாதி. சக்கரத்தின் ஓரத்தில் இருக்கும் நிறை முன்னேயும் போகிறது, சுற்றவும் செய்கிறது. சுற்றுவதற்கும் ஏறக்குறைய அதே அளவு ஆற்றல் வேண்டும். ஆகவே ஓரத்தில் கூடும் ஒரு கிலோ, சிக்னலில் கிளம்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் இரண்டு கிலோவுக்குப் பக்கமாகக் கணக்காகும். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனை எப்போதும் ஏற்றிக்கொண்டு போவது போல. அதைவிட முக்கியம், இந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. பள்ளத்தில் சக்கரம் எழும்பும்போது அதை மீண்டும் தரையில் அமர்த்த ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் படாத பாடு படும். மிச்சம் நம் முதுகுக்கு வரும்.

மூன்றாவது, பொருத்தம். நான்கு போல்ட் இருக்கிறது, உட்கார்ந்துவிட்டது என்று விடக்கூடாது. ஸ்விஃப்டின் நான்கு போல்ட்டுகளும் 100 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத்தில் இருக்கின்றன. இதைத்தான் பி.சி.டி. 4×100 என்பார்கள். பழைய ஃபியட் புன்டோவில் அது 4×98. வெறும் இரண்டு மி.மீ. கண்ணுக்குத் தெரியாது. வலுக்கட்டாயமாக முறுக்கினால் ஏறியும் விடும். ஆனால் போல்ட் எப்போதும் வளைந்த அழுத்தத்திலேயே இருக்கும். ஒருநாள் அது பழிவாங்கும்.

நடுத்துளையும் அப்படித்தான். ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ. கம்பெனி வீலின் நடுத்துளை அதன்மேல் சட்டை போட்டது போல உட்காரும். வெளி வீல் செய்கிறவர்கள் ஒரே வார்ப்பு பல கார்களுக்கும் ஆக வேண்டும் என்று துளையைப் பெரிதாக வைப்பார்கள். பல வீல்களில் 73.1 மி.மீ. இருக்கும். இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போட வேண்டும். அது இல்லாவிட்டால் சக்கரம் துல்லியமாக நடுவில் உட்காராது. எண்பதுக்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் தீராது. நான் பழைய வெர்னியர் அளவியை எடுத்துப்போயிருந்தேன். அவனையே அளக்கச் சொன்னேன். முதன்மைக் கோல் அளவு, வெர்னியர் ஒன்றுபடும் கோடு, எல்லாம் மறக்கவில்லை. மகிழ்ச்சியாக இருந்தது.

இன்னொன்று ஆஃப்செட். வீலின் பின்னால் ஈ.டி. என்று ஒரு எண் இருக்கும். சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதன் அளவு அது. இந்த எண் 10 குறைந்தால் சக்கரம் 10 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். பார்க்க அகலமாக, கம்பீரமாக இருக்கும். ஆனால் தண்ணீர்க்குடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்குவதும் கையை நீட்டித் தூக்குவதும் ஒன்றா? திருப்புத்திறன் கூடும். வீல் பேரிங்தான் அந்தக் கையை நீட்டிய ஆள்.

நான்காவது, அடி வாங்கினால் என்ன ஆகும்? ஸ்டீல் வளையும். பட்டறையில் தட்டி ஓரளவு நேராக்கலாம். வார்ப்பு அலாய் பலமாக அடிபட்டால் விரிசல் விடும். பெரும்பாலான கார் அலாய்கள், சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் கொஞ்சம் மக்னீசியமும் சேர்த்த அலுமினியம். வார்த்தபின் 540 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி 150-ஐ ஒட்டிய மிதமான சூட்டில் சில மணி நேரம் வைத்தால்தான் அதற்கு முழு வலு வரும். விரிசலை வெல்டிங் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பக்குவம் போய்விடும். ஒட்டு வெளியே பளபளக்கும், உள்ளே வலு இருக்காது.

இதற்காக வெளி வீல் எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. வார்ப்பு அலுமினியச் சக்கரம் நேற்று வந்த நாகரிகமும் இல்லை. பிரான்ஸில் புகாட்டி நிறுவனம் 1924-இலேயே தன் பந்தயக் காரில் அதைப் போட்டது. நல்ல தயாரிப்பாளர்கள் மூன்று சோதனைகள் செய்கிறார்கள். வளைவில் திரும்பும் விசையைத் திரும்பத் திரும்பக் கொடுத்து ஒன்று, சுமையோடு பல லட்சம் சுற்று உருட்டி ஒன்று, மேலிருந்து கனமான எடையைப் போட்டு அடித்து ஒன்று. நம் நாட்டில் இதற்கு ஐ.எஸ். 16192 என்ற தரநிலை இருக்கிறது. ஜப்பானிய வீலில் ஜே.டபிள்யூ.எல். என்ற முத்திரை இருக்கும். ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள் வீலின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். திருப்பிப் போடச் சொல்லுங்கள். முத்திரை, அளவு, தாங்கும் சுமை எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். பின்பக்கத்தில் ஒன்றுமே எழுதாத வீல், பெயர் எழுதாத விடைத்தாள் மாதிரி. எவ்வளவு அழகான கையெழுத்தாக இருந்தாலும் மதிப்பெண் போட முடியாது.

புதுப்பேட்டையில் கழற்றிய கம்பெனி அலாய் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று மருமகன் கேட்டார். கிடைக்கும். புது வண்டி வாங்கிய அன்றே கழற்றிப் போட்டதாகவும் இருக்கலாம், பள்ளத்தில் விழுந்து எழுந்ததாகவும் இருக்கலாம். மேலே வண்ணம் பூசியிருந்தால் வித்தியாசம் தெரியாது. டயர் இல்லாமல் பேலன்சிங் மிஷினில் மாட்டிச் சுற்றிப் பார்த்து, உள்வட்டத்தில் கோணலோ விரிசலோ இல்லை என்று தெரிந்தால் மட்டும் வாங்கலாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அந்தப் பிரிவை அப்படியே உறுதி செய்தது. அதே மாடலின் மேல் வகைக்குக் கம்பெனி கொடுத்த அளவு என்றால் பேச்சு எழ வாய்ப்பு குறைவு. அதைத் தாண்டிப் போனால் விபத்துக் காலத்தில் இன்சூரன்ஸ்காரரோடு வாதம் செய்ய வேண்டி வரலாம். வீல் மாற்றினால் இன்சூரன்ஸுக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

கடைசியாகக் கடல் காற்று. அலாய் துருப்பிடிக்காது என்பது பாதி உண்மை. செந்துரு வராது. ஆனால் மேல்பூச்சில் ஒரு கல் பட்டுக் கீறினால் போதும், உப்பு உள்ளே புகுந்து பூச்சுக்கு அடியில் வெள்ளைப் பொடியாக அரிக்கும். பளபளவென்று கடைந்தெடுத்த முகமுள்ள வீல்களில் இது சீக்கிரம் வரும். அலுமினியமும் இரும்பு ஹப்பும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டு இருந்தால் அதுவே ஒரு சின்ன மின்கலம். வருடக்கணக்கில் கழற்றாமல் விட்டால் வீல் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வராது. நடுச்சாலையில் பஞ்சர் ஆகும்போதுதான் அது தெரியும்.

இத்தனையும் பார்த்து முடித்தபோது, விற்க வேண்டியவனே சொன்னான். "சார், எனக்கு இந்த 16 இஞ்ச்சுலதான் நாலு காசு நிக்கும். ஆனா டீச்சரம்மா உக்கார்ற வண்டிக்கு இது வேணாம்." என் மனைவியும் ஆசிரியைதான். ஆறாம் வகுப்பில் அவனுக்குக் கணக்கு நடத்தியவள். அவன் சொன்ன விலையில் வெளி வீலும் டயரும் அறுபதாயிரத்தைத் தாண்டியது. கம்பெனி ஸ்டீல் ரிம் நான்கும் அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. 15 அங்குல கம்பெனி அலாய் நல்ல தேர்வுதான். ஆனால் இன்னும் இரண்டு வருடம் ஓடக்கூடிய என் 14 அங்குல டயர்களைத் தூக்கிப் போட வேண்டும், பக்கச்சுவரும் 12 மி.மீ. குறையும். நான் ஸ்டீலையே எடுத்தேன்.

மகனுக்கு இந்தக் கணக்கு முழுவதையும் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் போன் செய்தான். "சரிப்பா. ஆனா நான் வாங்கித் தர்றேன்னு சொன்னதை விடமாட்டேன். அம்மாவுக்கு வண்டி மெத்துன்னு போக வேற என்ன மாத்தணும்?" என்றான். நான் எதிர்பார்க்காத, நல்ல கேள்வி. மாணவன் வண்டியைத் தூக்கிப் பார்த்தான். முன் ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்திருந்தது. புஷ்கள் வெடித்திருந்தன. பின்பக்கமும் தளர்ந்திருந்தது. மகனின் பரிசு நான்கு ஷாக் அப்சார்பரும் புஷ்களுமாக மாறியது. வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெருவில் யாரும் "என்ன சார், வண்டி புதுசா?" என்று கேட்கவில்லை.

அண்ணன் மகன் தாம்பரத்தில் இருக்கிறான். இளைஞன், திருச்சிக்கும் சென்னைக்கும் ஓட்டுகிறவன். அவன் இதே கணக்கைப் போட்டு 15 அங்குல வெளி வீல்தான் வாங்கினான். முத்திரை, பி.சி.டி., ஈ.டி., சுமை எல்லாம் சரிபார்த்து, நடுத்துளைக்கு வளையம் போட்டு மாட்டினான். அவனுக்கு அது சரி. ஒரே வினாவுக்கு இரண்டு பேர் வெவ்வேறு விடை எழுதி, இரண்டும் சரியாக இருக்கும் தேர்வு இது. வழிமுறைக்குத்தான் மதிப்பெண்.

அவசரக்காரர்களுக்கான ஆறு குறிப்புகள்:

1. டயரின் மொத்த விட்டத்தை நீங்களே கணக்குப் போடுங்கள். கம்பெனி அளவிலிருந்து ஓரிரு மி.மீ.க்கு மேல் விலக வேண்டாம்.

2. பி.சி.டி., நடுத்துளை, ஈ.டி. மூன்றையும் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

3. வீலைத் திருப்பி முத்திரையும் சுமை எண்ணும் பாருங்கள். எடை போட்டும் பாருங்கள்.

4. ஸ்டீலுக்கான நட்டும் அலாய்க்கான நட்டும் உட்காரும் முகம் வேறாக இருக்கலாம். வீலுக்குப் பொருந்தும் நட்டைக் கேட்டு வாங்குங்கள்.

5. காற்றுத் துப்பாக்கியால் முறுக்கியதோடு விடாமல், மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்கச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

6. கடலோரத்தில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை சக்கரத்தின் உள்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். டயர் இடம் மாற்றும்போதெல்லாம் ஹப்பைத் துடைக்கச் சொல்லுங்கள்.

போன வியாழக்கிழமை அடையாறிலிருந்து திரும்பும்போது ஏதோ பேசிக்கொண்டே ஓட்டினேன். பதில் வரவில்லை. திருவான்மியூர் சிக்னலில் திரும்பிப் பார்த்தால், அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் மடியில்.

உங்கள் வண்டியின் டயர் அளவைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். விட்டத்தை நான் சொல்ல மாட்டேன். நீங்களே கண்டுபிடித்து எழுதுங்கள், திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் சார்
கொட்டிவாக்கம்